சிப் போட்ட பழைய சிவிக்: டைமிங் எத்தனை டிகிரியில் வைப்பது?

கொட்டகலைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1993 ஹொண்டா சிவிக் ஈஜி8 ஒன்று இருக்கிறது, டி15பி இஞ்சின், மெனுவல் கியர். கொழும்புப் பக்கம் ஒருவரிடம் வாங்கியது, இஞ்சினை நடத்தும் கம்பியூட்டரில் சிப் மாற்றியிருப்பதாகச் சொல்லித்தான் கொடுத்தார். இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட்டைத் தூக்கி, கம்பியூட்டரின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பொய்யில்லை, பலகையில் சொக்கெட் வைத்து 28 கால் சிப் ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். சிப்பின் மேல் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், அதில் பேனையால் ஏதோ எழுதி எழுத்தெல்லாம் மங்கிப்போய்விட்டது. உள்ளே என்ன மெப் (பெற்றோல், டைமிங் அளவுகள் எழுதிய அட்டவணை) இருக்கிறது என்று விற்றவருக்கும் தெரியாது, அவரும் இன்னொருவரிடம் வாங்கியவர்.

இங்கே கொட்டகலை, தலவாக்கலை, நுவரெலியா என்று ஓடும்போது ஒரு குறையும் இல்லை. கினிகத்தேனை இறங்கி அவிசாவளைப் பக்கம் போனதும்தான் தொல்லை. ஏசி போட்டு, நான்கு பேர் ஏறி, நான்காவது கியரில் 2000 சுற்றுக்குக் கீழே இருக்கும்போது மிதித்தால் டின்னுக்குள் பட்டாணி குலுங்குகிற மாதிரி ஒரு சத்தம். காலை எடுத்தால் நின்றுவிடும். திரும்பி மலை ஏறி வட்டவளை தாண்டிவிட்டால் அந்தச் சத்தம் போன இடம் தெரியாது.

ஊரில் ஒரு கராஜில் காட்டினேன். அங்கிருந்த பாஸ் (மெக்கானிக்) டிஸ்ட்ரிபியூட்டரை, அதாவது பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் பாகத்தை, தளர்த்தி, காதால் கேட்டுத் திருப்பி இறுக்கிவிட்டார். முன்பு லேசாகக் கேட்ட சத்தம் இப்போது கீழ்நாட்டில் நன்றாகவே கேட்கிறது, ஆனால் மலையில் இழுவை கூடியிருக்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். நண்பரிடம் டைமிங் லைட் (தீப்பொறி விழும் நேரத்தைக் கிராங்க் புல்லியின் குறியில் காட்டும் லைட்) வாங்கி அடித்துப் பார்த்தேன், குறி ஓரிடத்தில் நிற்கவே இல்லை, முன்னும் பின்னும் ஆடுகிறது. சிப் போட்ட வண்டிக்கு டைமிங்கை, அதாவது பிஸ்டன் மேலே வருமுன் தீப்பொறி விழும் அளவை, எத்தனை டிகிரியில் வைக்கவேண்டும்? அடிப்பது 92 பெற்றோல்தான்.

மலைப்பாதை

குறி ஏன் ஆடுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். ஐடிலை (மிதிக்காமல் இஞ்சின் சும்மா ஓடும் நிலையை) சீராக வைத்திருக்க அந்த இஞ்சினின் கம்பியூட்டர் டைமிங்கைக் கூட்டுவதும் குறைப்பதுமாகவே இருக்கும். அதைப் பிடித்து நிறுத்தாமல் லைட் அடித்தால் கிடைக்கிற எண்ணுக்கு மதிப்பே இல்லை.

நிறுத்துவதற்கு ஹொண்டாவே வழி வைத்திருக்கிறது. கம்பியூட்டர் இருக்கும் அதே இடது கால்பக்கத்தில், வயர்க் கட்டோடு சேர்ந்து, இரண்டு பின் உள்ள சின்ன கனெக்டர் ஒன்று எதிலும் செருகாமல் சும்மா தொங்கும். அந்த இரண்டு பின்னையும் ஒரு வயர்த் துண்டால் இணையுங்கள். பக்கத்தில் மூன்று பின் உள்ள ஒன்றும் இருக்கும், அதைத் தொடவேண்டாம். சாவியைத் திருப்பியதும் செக் இஞ்சின் விளக்கு எரிந்தபடி இருக்கும், அது இயல்பு. விட்டு விட்டு மின்னினால் மட்டும் கம்பியூட்டரில் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி எழுதிவைத்து முதலில் அதைப் பாருங்கள், அதற்குப் பிறகு டைமிங்குக்கு வரலாம்.

இஞ்சின் நன்றாகச் சூடாகி ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிற்கும்வரை விடுங்கள். ஏசி, லைட், பாட்டு எல்லாம் ஓஃப். ஐடில் 750 சுற்று அளவில் இருக்கவேண்டும், 1000க்கு மேல் நின்றால் அந்த நிலையில் டைமிங் பார்த்துப் பயனில்லை. டைமிங் லைட்டின் கிளிப்பை முதலாம் பிளக் வயரில் போடுங்கள், அதாவது டைமிங் பெல்ட் பக்கத்துப் பிளக். நம் நாட்டு வண்டியில் அது இடது பக்கம். லைட்டில் டிகிரி திருப்பும் குமிழ் இருந்தால் பூச்சியத்தில் வையுங்கள். கிராங்க் புல்லியில் தனியாக நிற்கும் ஒரு வெள்ளைக் கோடு டொப், அதாவது பிஸ்டன் மேலே வந்து நிற்கும் இடம். தள்ளி மூன்று கோடுகள் கூட்டமாக இருக்கும், நடுக்கோடு சிவப்பு, அதுதான் 16 டிகிரி. இரு பக்கமும் உள்ளவை 2 டிகிரி கூட, 2 டிகிரி குறைய. இத்தனை வருஷ எண்ணெய் அழுக்கில் ஒரு கோடும் தெரியாது, இஞ்சினை நிறுத்திவிட்டுத் துணியால் துடைத்து, சிவப்புக் கோட்டில் வெள்ளைப் பெயின்ட் தொட்டுக்கொண்டு அப்புறம் லைட்டைப் பிடியுங்கள். டி15பி பெரும்பாலானவற்றுக்கு 16தான், பொனட்டுக்கு உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கிழியாமல் இருந்தால் அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சிப் போட்டாலும் அதே 16தான். சிப்பில் எழுதியிருக்கும் டைமிங் அட்டவணை முழுவதும் டிஸ்ட்ரிபியூட்டர் 16இல் நிற்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. இந்த வண்டியில் கிராங்க் எங்கே நிற்கிறது என்று கம்பியூட்டருக்குச் சொல்லும் சென்சார்கள் டிஸ்ட்ரிபியூட்டருக்கு உள்ளேயே இருக்கின்றன. அதனால் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலைத் திருப்பினால் சென்சாரும் சேர்ந்து திரும்பும், கம்பியூட்டருக்கு விஷயமே தெரியாது. பாஸ் 5 டிகிரி கூட்டி வைத்திருக்கிறார் என்று வையுங்கள். மெப்பில் 30 என்று எழுதிய இடத்தில் உண்மையில் 35இல் தீப்பொறி விழும். சிப் எழுதியவர் ஏற்கனவே கூட்டியிருப்பார், கராஜில் அதன் மேல் இன்னொரு தடவை கூட்டியாயிற்று. கீழ்நாட்டில் தட்டாமல், அதாவது அந்தப் பட்டாணிச் சத்தம் வராமல், என்ன செய்யும்?

நாவலப்பிட்டி பாஸ்

தம்பி மலைப்பாதை சொல்வதில் பிழையில்லை. ஆனால் மலைக்கு டைமிங்கைக் கூட்டி வைப்பது எங்கள் ஆட்கள் விவரம் தெரியாமல் செய்த வேலை என்று யாரும் நினைக்கவேண்டாம். கம்பியூட்டர் இல்லாத பொயின்ட், காபரேட்டர் வண்டிகளில் நான் வேலை பழகியவன். மேலே காற்று மெலிசு, மெலிசான கலவை எரிந்து முடிய நேரம் எடுக்கும், ஆகவே தீப்பொறியைக் கொஞ்சம் முன்னால் விட்டால்தான் அந்த வண்டிகள் ஏறும். தோட்டத்துத் துரைமார் வைத்திருந்த ஓஸ்டின், மொரிஸ் மைனருக்கெல்லாம் அப்படித்தான் வைத்தோம், காபரேட்டரில் பெற்றோல் வரும் ஜெட்டையும் சின்னதாக மாற்றினோம். அந்தக் கார்கள் கொழும்புக்குப் போவதே அபூர்வம், போவதாக இருந்தால் துரை முதல்நாளே வந்து சொல்லிவிடுவார், திருப்பி வைத்து அனுப்புவோம். உங்கள் ஊர் பாஸும் அந்தப் பழக்கத்தில்தான் செய்திருப்பார், அவரைக் குறை சொல்லவேண்டாம்.

இந்த வண்டிக்கு லைட் அடிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. அந்தக் கிராங்க் புல்லி இரண்டு இரும்பு வளையம், நடுவில் ரப்பர். முப்பது வருஷ ரப்பர் விட்டுப்போய் வெளி வளையம் நழுவியிருந்தால் கோடுகள் எல்லாம் பொய் சொல்லும். முதலாம் பிளக்கைக் கழற்றி, நீளமான ஒரு பிளாஸ்டிக் குழாயோ மெல்லிய மரக்குச்சியோ ஓட்டைக்குள் விட்டு, சரியான அளவுச் சொக்கெட் போட்டுக் கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஹொண்டாவின் இந்த இஞ்சின் மற்ற வண்டிகளுக்கு எதிர்ப்பக்கம் சுற்றும், கடிகார முள்ளுக்கு எதிராக, அதை மறந்து மற்றப் பக்கம் திருப்பாதீர்கள். குச்சி ஏறி ஏறி ஓரிடத்தில் நின்று, பிறகு இறங்கத் தொடங்கும். நின்ற அந்த இடத்தில் வெள்ளைக் கோடு பெல்ட் கவரில் உள்ள முனைக்கு நேராக வருகிறதா? வந்தால் புல்லி நல்லது. இரும்பு ஸ்க்ரூ டிரைவரை மட்டும் உள்ளே விடாதீர்கள், பிஸ்டன் தலையில் கீறும், சாய்ந்து மாட்டிக்கொண்டால் இன்னும் வில்லங்கம்.

இன்னொன்று. 16க்குக் கொண்டுவர டிஸ்ட்ரிபியூட்டரை அதன் நீளத் துளையின் ஒரு கோடிக்கே தள்ளவேண்டியிருந்தால் டைமிங் பெல்ட் ஒரு பல் தப்பியிருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர், வால்வ்களைத் திறக்கும் காம் ஷாஃப்டின் நுனியில் உட்கார்ந்திருக்கிறது, பெல்ட் தப்பினால் அதுவும் தப்பும். லைட் அடித்து 16 வந்துவிட்டது என்று திருப்திப்பட்டுப் போய்விடுவார்கள், வால்வ் திறக்கிற நேரம் பிழையாகவே கிடக்கும்.

மலைப்பாதை

பாஸ் ஐயா சொன்ன புல்லி விஷயம் நான் எழுத விட்டது, நன்றி. காபரேட்டர் வண்டிக்கு மலையில் கூட்டுவது சரி என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். அந்த வண்டிக்கு வெளியே காற்று எப்படியிருக்கிறது என்று தெரியாது, மனிதன்தான் திருப்பித் திருப்பிச் சொல்லவேண்டும்.

சிவிக்கில் கதை வேறு. திரொட்டலின் மேல் ஒரு மெப் சென்சார் இருக்கிறது (பெயர் ஒன்றானாலும் சிப்பில் எழுதிய மெப் வேறு), இன்டேக்குக்குள் இருக்கும் அழுத்தத்தை அது அளக்கிறது. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல், 1868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் 81 பக்கம்தான். முழுதாக மிதித்தாலும் அங்கே சென்சாருக்கு 81க்கு மேல் காட்ட வழியில்லை. கம்பியூட்டர் அதைப் பார்த்து அட்டவணையில் பாரம் குறைந்த வரிசைக்குப் போய்விடும், அந்த வரிசைகளில் டைமிங் இயல்பாகவே கூடுதலாக எழுதியிருக்கும். அதாவது ஐயா கையால் செய்த வேலையை இந்த வண்டி தானாகவே செய்கிறது. அதன் மேல் டிஸ்ட்ரிபியூட்டரையும் திருப்பத் தேவையில்லை.

கொட்டகலைக்காரன் குழம்பிப்போனதும் இந்த இடத்தில்தான். அட்டவணையின் கடைசி வரிசைகள், 90 கிலோபாஸ்கலுக்கு மேல் உள்ளவை, நுவரெலியாவில் ஓடும் வண்டிக்குத் திறக்கவே திறக்காத அறைகள். அவற்றில் டைமிங் பிழையாக எழுதியிருந்தாலும் மேலே இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. அவிசாவளையில் காற்றும் கனதி, வெயிலும் கனதி, அப்போது மிதித்தால் நேரே அந்தக் கடைசி வரிசைக்குத்தான் போகும். மலையில் சத்தமில்லாமல் ஓடுவதை வைத்து டைமிங் சரி என்று சொல்லமுடியாது, கீழே போய்ப் பார்த்தால்தான் தெரியும். இந்த டி சீரிஸ் இஞ்சின்கள் பலவற்றில் நாக் சென்சாரும் கிடையாது, தட்டுகிறது என்று கண்டுபிடித்துத் தானாகக் குறைத்துக்கொள்ள அதற்கு வழியில்லை. உங்கள் காதுதான் சென்சார்.

பண்டாரவளை ஈகே3

மச்சான், சொக்கெட்டில் 28 கால் சிப் என்று சொன்னதால் உங்களுடையது உண்மையான சிப்தான். சிப் என்ற பெயரில் காற்று வெப்பநிலை சென்சார் வயரில் ஒரு ரெசிஸ்டரைச் செருகி விற்கிற ஆட்களும் இருக்கிறார்கள். வெளியே குளிர் என்று கம்பியூட்டரை ஏமாற்றுவது, அவ்வளவுதான் அதன் திறமை. உங்கள் வண்டியில் அதுவும் சேர்த்துப் பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை தேடிப்பாருங்கள், இரண்டையும் ஒன்றாகப் போட்ட வண்டி பார்த்திருக்கிறேன்.

ஸ்டிக்கரை உரித்துப் பார்க்க ஆசை வந்தால் வேண்டாம். சிலவகைச் சிப்பில் அந்த ஸ்டிக்கருக்குக் கீழே கண்ணாடி ஜன்னல் இருக்கும், வெயிலிலும் அல்ட்ராவயலட் வெளிச்சத்திலும் திறந்து கிடந்தால் காலப்போக்கில் உள்ளே எழுதியது அழிந்துவிடும். ஒட்டியிருப்பதே அதற்காகத்தான்.

பெற்றோல் பற்றி யாரும் சொல்லவில்லை. மெப் எழுதியவர் 95 அடிக்கிற வண்டிக்கு எழுதியிருந்தால் 92இல் தட்டும், டைமிங் சரியாக 16 இருந்தாலும் தட்டும். மலையில் ஓடும்போது 92 போதும், மெல்லிய காற்றில் தட்டுகிற தன்மை குறைவு. கொழும்புப் பயணத்துக்கு முன் டேங்க் காலியாகும் தறுவாயில் 95 அடித்துப் பாருங்கள். நம் பக்கத்து எல்லா ஷெட்டிலும் 95 எப்போதும் இருக்காது, அதனால் ஹட்டனிலேயே பார்த்து அடித்துவிடுவது நல்லது. 95இல் சத்தம் முற்றாக நின்றால் மெப் எதற்காக எழுதப்பட்டது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

பிளக் நான்கையும் கழற்றி வெள்ளைப் பீங்கானை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுண்ணிய கருப்புப் புள்ளிகளோ மினுமினுக்கிற அலுமினியத் துகள்களோ ஒட்டியிருந்தால் தட்டல் காதுக்கு எட்டியதைவிட மோசம், அதற்கு மேல் அந்த மெப்போடு கீழ்நாட்டுக்கு ஓட்டாதீர்கள். அலுமினியம் என்றால் அது பிஸ்டனிலிருந்து வருவது.

அப்புறம், இந்த வருஷப் புகைப் பரிசோதனை முடிந்துவிட்டதா? சிப் போட்ட வண்டிகள் பெற்றோலைக் கூடக் குடித்து அங்கே கார்பன் மொனொக்சைட்டில் மாட்டுவது வழக்கம். சான்றிதழ் இல்லாமல் வருமான அனுமதிப்பத்திரம் தரமாட்டார்கள்.

கொட்டகலைக்காரன்

எல்லோருக்கும் பெரிய நன்றி. நாவலப்பிட்டி ஐயா சொன்ன மாதிரி குச்சி விட்டுப் பார்த்தேன், புல்லி சுத்தமாக இருக்கிறது, வெள்ளைக் கோடு முனைக்கு நேராக வந்து நின்றது. இரண்டு பின் கனெக்டர் கார்ப்பெட்டுக்குப் பின்னால் டேப் சுற்றிக் கிடந்தது. வயர் போட்டதும் விளக்கு எரிந்தது, மின்னவில்லை. லைட் அடித்தால் குறி சிலைமாதிரி நிற்கிறது, ஆனால் மூன்று கோட்டுக் கூட்டத்தையும் தாண்டிப் போய் நிற்கிறது, 16இலிருந்து ஐந்தாறு டிகிரி கூட இருக்கும். மூன்று போல்ட்டையும் லேசாகத் தளர்த்தித் திருப்பினேன், மயிரிழை அசைத்தால் குறி அவ்வளவு தூரம் ஓடுகிறது. சிவப்பில் நிறுத்தி இறுக்கியதும் மறுபடி கொஞ்சம் நகர்ந்தது, திரும்பவும் பிடித்து வைத்தேன். துளையின் நடுப்பகுதியில்தான் நிற்கிறது, பெல்ட் தப்பவில்லை என்று நினைக்கிறேன். பிளக்கில் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் கருப்புப் புள்ளி கொஞ்சம், மினுக்கம் இல்லை.

92 பெற்றோலோடேயே அவிசாவளை வரை போய்வந்தேன். சத்தம் பெரும்பாலும் போய்விட்டது, ஏசியோடு கீழ்ச் சுற்றில் அழுத்தி மிதித்தால் மட்டும் மெலிதாக ஒரு கிலுகிலுப்பு. ஆனால் கினிகத்தேனையிலிருந்து ஹட்டன் ஏறும்போது முன்புபோல் இழுக்கவில்லை, இரண்டாவது கியருக்கு இறக்கவேண்டியிருக்கிறது. ஒரு டிகிரி, இரண்டு டிகிரி மட்டும் கூட்டிக்கொள்ளலாமா?

மலைப்பாதை

கூட்டவேண்டாம். மலையில் ஐந்தில் ஒரு பங்கு காற்று இல்லாத இடத்தில் 1500 சிசி இஞ்சினை எந்த டைமிங்காலும் கொழும்பில் இழுப்பதுபோல் இழுக்கவைக்க முடியாது. நீங்கள் இழந்தது அந்த ஐந்தாறு டிகிரி மலைக்கு மட்டும் தந்த சிறு லாபத்தை. அதைத் திரும்பப் பெற நினைத்தால் கூட்டவேண்டிய இடம் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை, மெப்தான். மடிக்கணினி வைத்து இந்தக் கம்பியூட்டருக்குச் சிப் எழுதுகிறவரிடம் கொடுத்து, பாரம் கூடிய கடைசி இரண்டு மூன்று வரிசைகளில் கீழ்ச் சுற்றுப் பகுதியில் 2, 3 டிகிரி குறைக்கச் சொல்லுங்கள், மீதியிருக்கும் கிலுகிலுப்பு அதோடு நிற்கும். 70, 80 கிலோபாஸ்கல் வரிசைகளில் வேண்டுமானால் கொஞ்சம் கூட்டலாம், அது நம் மலைக்குத்தான் அதிகம் உதவும், ஆனால் கீழே பாதி மிதியில் போகும்போதும் அதே வரிசைக்கு வரும் என்பதால் அளவோடு கூட்டச் சொல்லுங்கள்.

போகும்போது இன்னொன்றையும் கேளுங்கள். அந்தக் கம்பியூட்டர் பலகையிலேயே வெளிக்காற்று அழுத்தத்தைப் பார்க்கும் சென்சார் ஒன்று இருக்கிறது. சிப் எழுதுகிறவர்கள் சிலர் அதை நிறுத்திவிடுவார்கள், கொழும்பில் மட்டும் ஓடும் வண்டிக்கு அது ஒரு பொருட்டில்லை. கொட்டகலை வண்டிக்கு அது ஓடவேண்டும், பெற்றோல் அளவைத் திருத்துவதில் அதற்குப் பங்கிருக்கிறது.

நாவலப்பிட்டி பாஸ்

இரண்டாவது கியரில் ஏறுவது குறையே இல்லை தம்பி, அந்த இஞ்சின் 3000 சுற்றுக்கு மேல் சந்தோஷமாக இருக்கும் சாதி. நாலாவதில் வைத்து அமுக்கித் தட்டவிடுவதுதான் பிஸ்டனுக்குக் கேடு. டிஸ்ட்ரிபியூட்டர் உடலுக்கும் ஹெட்டுக்கும் குறுக்கே உளியால் இல்லாமல் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த தடவை சேவிஸுக்கு விட்டு எடுக்கும்போது யாராவது கைவைத்தார்களா என்று ஒரு பார்வையில் தெரியும்.

ராகலை மணி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் கேஈ70 கொரோலா இருக்கிறது, காபரேட்டர். இதற்கும் சிப் போடமுடியுமா? ஒருவர் விலையும் சொல்லிவிட்டார்.

பண்டாரவளை ஈகே3

அந்த வண்டியில் சிப் செருக எந்த இடத்தைக் காட்டினார் என்று கேட்டு எழுதுங்கள் அண்ணே. அதில் இஞ்சினை நடத்தக் கம்பியூட்டரே இல்லை. பணத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு, டிஸ்ட்ரிபியூட்டரில் வெக்யூம் குழாய் வெடிக்காமல் இருக்கிறதா, அதை வாயால் உறிஞ்சினால் உள்ளே தட்டு நகருகிறதா என்று பாருங்கள். நகரவில்லை என்றால் டயபிரம் போயிருக்கிறது, உங்கள் வண்டியை மந்தமாக்குவது அதுவாகவே இருக்கலாம். லைட் அடிக்கும்போது அந்தக் குழாயைக் கழற்றி நுனியை அடைத்துவிட்டு அடியுங்கள்.